துவக்குப் பிடிக்குள் இருந்த பெயர்

எனக்குத் துவக்கைக் கண்ணிலும் காட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் துவக்குப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அப்படிப்பட்ட நான், எண்பதுகளின் கடைசியில் சுவிஸில் பீல் நகரத்தில் இருந்தபோது, இரண்டு குளிர்காலம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் துவக்குச் சந்தைகளுக்கும் ஏலங்களுக்கும் போய் வந்தேன். தேடியது பழைய இராணுவத் துவக்குகளை. அதிலும், வேட்டைக்காரர்கள் வாங்கி முன்கட்டையை அரிந்து, இராணுவ முத்திரையை அராவி, மான் சுடுவதற்கு ஏற்றபடி திருத்தி வைத்த துவக்குகளை. ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு கடிதத்துக்காகப் போனேன்.

என் அகதி விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். மேல்முறையீடு எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அதுவும் மறுக்கப்பட்டால் பையைக் கட்ட வேண்டியதுதான். அகதிகளுக்கு உதவும் அலுவலகத்தில் ஒரு சுவிஸ் அம்மா இருந்தா. அவ என் கோப்பைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றா. மாநில அரசு நினைத்தால் மனிதாபிமான அடிப்படையில் இருக்க விடலாம். அதற்கு என் வேலைத்தலத்து மேலாள் எழுதித் தரவேண்டும்: இவனைப் போல இன்னொருவன் இந்த ஊரில் கிடைக்க மாட்டான், இவன் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது என்று. மேல்முறையீட்டின் முடிவு வருவதற்கு முன்னால் அந்தக் கடிதம் போய்ச் சேரவேண்டும். முடிவு எப்போது வரும் என்று கேட்டேன். நாளைக்கும் வரலாம், இரண்டு வருடமும் எடுக்கலாம் என்றா. அன்றிலிருந்து தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறந்து பார்த்தேன்.

நான் வேலை செய்தது கைக்கடிகாரத்தின் உலோகக் கூடுகளை மினுக்கும் பட்டறை. பத்துப் பதினொரு பேர். சுழலுகிற துணிச் சில்லில் கூட்டைப் பிடித்து, ஒரு கீறல் இல்லாமல் முகம் தெரிய மினுக்க வேண்டும். மேலாளை எல்லாரும் செஃப் என்றுதான் கூப்பிடுவது. அறுபதை நெருங்கிய மனிசன். பீலில் பாதிப் பேர் ஜெர்மன், பாதிப் பேர் பிரெஞ்சு. இந்த மனிசனுக்கு இரண்டும் தண்ணி பட்ட பாடு, ஆனபடியால் திட்டும் இரண்டு மடங்கு. இரண்டு வருடம் என் சம்பளச் சீட்டில் கையெழுத்து வைத்தவர், ஒரு நாளாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தமிழன்" என்பார். அவ்வளவுதான். என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் எழும்பிப் போய் யன்னலைத் திறந்து வைப்பார், வெளியே பனி கொட்டினாலும்.

அந்த மனிசனிடம் போய்க் கடிதம் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பாடமாக்கி வைத்த ஜெர்மனில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈடில்லாத ஆள் என்று எழுத வேண்டுமா, நேற்று நீ கீறிய மூன்று கூடும் இந்தா இருக்கிறது, இதையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நின்றது. போய் என் சில்லுக்கு முன்னால் இருந்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு துண்டு இரும்பு. ஏதோ துவக்கின் உடம்பிலிருந்து எடுத்தது. கறுப்பு நீலமாகச் சாயம் ஏற்றி மினுக்கியிருந்தது. இதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். கூடு மினுக்குகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் பார்க்க வேண்டுமென்றால் உலோகத்தைக் குளிரவிட்டு அதன்மேல் மூச்சு விடுவான். ஆவி படிந்து விலகும்போது, அராவிய இடமும் அராவாத இடமும் ஒரே வேகத்தில் விலகாது. நான் யன்னலடியில் அதைக் குளிர வைத்து, வாயால் ஊதி, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தேன். இலக்கங்கள் இருந்தன. கடைசி இரண்டும் ஏழும் நாலும் என்றேன். செஃப் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். அதில் என்ன இருந்ததென்று எனக்குக் காட்டவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது.

"சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு ஸ்டேசனுக்கு முன்னாலை நில்" என்றார். அவர் சொன்ன ஜெர்மனை எங்கள் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

காரில் போகும்போது விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். அந்த நாட்டில் ஆண்பிள்ளைகள் இராணுவப் பயிற்சிக்குப் போக வேண்டும், துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். அலுமாரிக்குள் குடையும் துவக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சேவை முடிந்தால் துவக்கு அவனுக்கே சொந்தம். செஃபின் தகப்பன், பக்கத்து நாடெல்லாம் யுத்தத்தில் எரிந்த காலத்தில், எல்லையில் அந்தத் துவக்கோடு வருடக் கணக்காக நின்றவர். தகப்பன் செத்த கிழமையே செஃபின் தமக்கை வீட்டைத் துப்புரவாக்குகிறேன் என்று துவக்கை யாரோ வேட்டைக்காரனுக்கு விற்றுவிட்டாள். அவன் அதை வெட்டித் திருத்தி இன்னொருவனுக்கு விற்றுவிட்டான். செஃப் தமக்கையோடு கதைப்பதை அன்றோடு விட்டார். துவக்கின் இலக்கம் தகப்பனுடைய இராணுவச் சேவைப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இலக்கத்தை அராவித் தள்ளிவிட்டார்கள் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறு வருடமாகத் தேடுகிறார். அன்று மேசையில் வைத்த இரும்பு, என் கண்ணைச் சோதிக்க எடுத்த வேறொரு துவக்கின் துண்டு. மூச்சு விட்டுப் பார்க்கிற வேலை தனக்கும் தெரியும், ஆனால் இப்போது கண் பிடிக்குதில்லை என்றார். அதைச் சொல்லும்போதும் என்னைத் திட்டுகிற குரலில்தான் சொன்னார்.

"துவக்கைக் கண்டுபிடி. கடிதம் எழுதித் தாறன்" என்றார்.

ஒரு மனிசனுடைய உயிர்ப் பிரச்சினையை எடுத்து ஒரு பழைய இரும்போடு தராசில் வைக்கிறார். ஆனால் நான் என்ன சொல்ல முடியும்? ஓம் என்றேன்.

அறையில் என்னோடு இருந்த அண்ணை ஒருவர், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், விழுந்து விழுந்து சிரித்தார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீ. இப்ப துவக்குச் சந்தையிலை நிண்டு ஊதிறியோ?" என்றார். அவருக்கென்ன, அவர் கேட்ட அன்றே அவருடைய செஃப் கடிதம் கொடுத்துவிட்டான்.

அந்தச் சந்தைகளை நான் எப்படிச் சொல்ல? ஊர்ப் பெரிய மண்டபம். வாசலில் பொரித்த சொசேஜ் மணம். உள்ளே நீள மேசைகளில், மரக்கறிச் சந்தையில் முருங்கைக்காய் கிடப்பதைப் போலத் துவக்குகள். நாங்கள் கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விடுவோம், ஏனென்றால் விடிய காரிலிருந்து இறக்கிய இரும்பு குளிர்ந்திருக்கும்போதுதான் மூச்சுப் பிடிக்கும். மண்டபம் சூடாகிவிட்டால் வேலைக்காகாது. கோடைகாலத்தில் போகவே மாட்டோம்.

என்னைக் கண்டதும் முகங்கள் கறுக்கும். அந்த வருடங்களில் தமிழன் என்றால் ரயிலிலேயே பக்கத்தில் இருக்க மாட்டார்கள், துவக்குக்குப் பக்கத்தில் விடுவார்களா? ஒரு மேசைக்காரன் நான் கிட்டப் போனதும் துவக்குகளின் மேல் துணியை இழுத்து மூடுவான். நான் போனதும் துணியை எடுப்பான். ஒவ்வொரு சந்தையிலும் அதே ஆள், அதே பச்சைத் துணி. இன்னொருவன் செஃபிடம் என்னைக் காட்டி, இது கடிக்குமா என்று கேட்டான். செஃப் ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். "இல்லை, வேலை செய்யும்" என்றார். இருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். அன்று அவருடைய கழுத்தைத் திருகிவிட்டு ஊருக்கே போய்விடலாம் போலிருந்தது.

ஊரில் ஒரு துவக்கு என்னைத் தொட்டிருக்கிறது. நான் போன தட்டிவான் பஸ்ஸை இராணுவத்தினர் மறித்து, எல்லாரையும் இறக்கி, வரிசையாக நிறுத்தினார்கள். நான் என்ன பிழை விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு சின்னப் பையன் மாதிரி முகம் உள்ள சிப்பாய், துவக்குப் பிடியால் என் தோளெலும்பில் ஒன்று போட்டான். அந்தப் பிடியின் அடியில் இரும்புத் தகடு இருக்குமே, அது பட்ட இடம் குளிருக்கு இன்றும் உளையும். சந்தை மண்டபத்தில் ஒவ்வொரு துவக்கையும் தூக்கும்போது என் தோள் தானாக உள்ளே போகும். ஆனாலும் தூக்கினேன், ஊதினேன், சரித்துப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு குளிர்காலம் போனது.

அந்த முதல் குளிர்காலத்தின் கடைசியில் ஒரு துவக்கில் இரண்டு இலக்கம் பொருந்தி வந்தது. செஃப் மேசைக்காரனிடம் கேட்டு, பிடியின் அடித்தகட்டில் இருந்த இரண்டு பெரிய திருகாணிகளையும் கழற்றினார். தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு சின்னத் தாள். அந்த நாட்டுச் சிப்பாய்கள் பலர் தங்கள் பெயர், பிறந்த வருடம், படைப்பிரிவு, வீட்டு விலாசம் எல்லாம் எழுதி அதற்குள் வைத்துவிடுவார்களாம். ஆள் விழுந்தாலும் துவக்கு யாருடையது என்று தெரிய. செஃப் தாளை விரித்தார். வேறு யாரோ மலைப்பக்கத்து விவசாயி. அவர் தாளை அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்து, திருகாணிகளை இறுக்கினார். துவக்கை மேசைக்காரனிடம் கொடுத்து, உள்ளே ஒரு ஆள் இருக்கிறார், கவனம் என்றார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. செத்த விவசாயிக்கு இவ்வளவு மரியாதை. உயிரோடு பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒரு பெயர் இல்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் எங்கள் அறையிலிருந்த ஒருவருக்கு மறுப்பு வந்து, நாட்டைவிட்டுப் போக நாளும் குறித்து வந்தது. அவர் சாமான்களை மடித்து வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி அலுவலக அம்மாவும் இனிமேல் தாமதிக்காதே, கடிதம் எங்கே என்று கேட்டா. மறுபடியும் செஃபிடம் போனேன். துவக்கு எங்கே என்று அவர் கேட்டார்.

மாசி மாதம், சூரிச் பக்கம் ஊஸ்டரில், ஒரு விடுதிக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் ஏலம் அறிவித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள், அடுத்த சனிக்கிழமை ஏலம் போடுவார்கள். பார்வை நாளுக்குப் போனோம். பார்க்கலாம், தூக்கலாம், எதையும் கழற்றக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. செஃப் வாசலிலேயே யாரோ ஒரு வேட்டைக்காரனைப் பிடித்து, இராணுவத் துவக்கை வெட்டுகிறவன் எல்லாம் கசாப்புக்காரன் என்று சண்டை தொடங்கிவிட்டார். நான் தனியே சுவர் ஓரமாக நிறுத்தியிருந்த வரிசைக்குப் போனேன்.

அறுபத்து நாலாம் இலக்கப் பொருள். முன்கட்டையை அரிந்து, புதுச் சாயம் ஏற்றி, தொலைநோக்கி பூட்டத் துளையும் போட்டிருந்தார்கள். மூச்சு விட்டேன். ஆவி விலகும்போது ஒரு இலக்கம் தெரிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு இரண்டு சேர்ந்து. எல்லாம் எனக்கு மனப்பாடம். என் பிறந்த திகதியைவிட அந்த இலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். செஃப் இன்னும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை. பட்டறையில் பாவிக்கிற சின்ன ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தூணுக்குப் பின்னால் குந்தி, திருகாணி இரண்டையும் கழற்றினேன்.

தாள் இருந்தது. மஞ்சளாகி, கட்டையின் எண்ணெய் ஊறி, எழுத்து மட்டும் தெளிவாக. பீலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் விலாசம். மாதா மாதம் என் சம்பளச் சீட்டின் அடியில் கையெழுத்தாகப் பார்க்கிற அதே குடும்பப் பெயர்.

அந்தக் கணத்தில் எனக்கு சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. இப்போது செஃபைக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். பிறகு கடிதம் நாளைக்கு, அடுத்த கிழமை, பார்ப்போம். இரண்டு குளிர்காலம் பார்த்த மனிசன், எனக்குத் தெரியாதா? அந்த நாடு எனக்கு வந்த நாள் முதல் ஒன்றைத்தான் படிப்பித்திருந்தது: தாள் கையில் இருக்கிறவனுக்குத்தான் வாய் இருக்கிறது. உன் முகம், உன் காயம், நீ சொல்லுகிற கதை ஒன்றும் செல்லாது, தாள் எங்கே என்றுதான் கேட்பார்கள். நான் அந்தத் தாளை எடுத்து, என் அகதி அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். தகட்டைப் பூட்டினேன். துவக்கை இருந்த இடத்தில் வைத்தேன். என் கையில் இருக்கிற தாளுக்கு அவருடைய தாள். அவ்வளவுதான் கணக்கு.

செஃப் வந்து என்ன என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வரும் வழியில், உன் கண்ணும் மங்கிவிட்டது என்றார். என் சட்டைப் பையில் அவருடைய தகப்பன் இருந்தார்.

திங்கட்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனபின் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். துவக்கு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், கடிதத்தை எழுதித் தபாலில் போட்டபின் சொல்லுகிறேன் என்றேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மிரட்டிப் பறிக்கிறவனுக்கு ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொன்னார். பிறகு பிரெஞ்சிலும் சொன்னார். வெளியே போ என்றார். நான் போகவில்லை. இரண்டு குளிர்காலம் நாயைப்போலக் கூட்டிக்கொண்டு திரிந்தீர்கள், இது கடிக்குமா என்று கேட்டவனுக்கு என்ன சொன்னீர்கள், இப்போது கடிக்கிறது என்றேன். என் ஜெர்மனில் எவ்வளவு பிழை இருந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் அவருக்கு நன்றாக விளங்கியது.

வியாழக்கிழமை காலையில் என் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு கடித உறை கிடந்தது. ஒட்டியிருக்கவில்லை. மதியம் அதை எடுத்துக்கொண்டு உதவி அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த அம்மா வாசித்து, மெதுவாக எனக்கு விளங்கப்படுத்தினா. உலோகத்தில் மற்றவர்களுக்குத் தெரியாததை இந்த மனிதன் பார்க்கிறான், நாற்பது வருடத் தொழிலில் நான் இப்படி ஒருவனைக் கண்டதில்லை, இந்த ஊரில் இவனுக்கு ஈடு இல்லை என்று எழுதியிருந்தார். என் முழுப்பெயரையும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். எனக்கு அதைக் கேட்டு மனம் இளகவில்லை. இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டுதானே என்னை வாட்டினாய் என்று இன்னும் ஆத்திரம்தான் வந்தது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வெள்ளிக்கிழமை செஃபிடம் போய், ஊஸ்டர், அறுபத்து நாலு என்றேன்.

தாளைப் பற்றிச் சொல்லவில்லை. ஏலத்தில் துவக்கு அவர் கைக்கு வந்தபின், நான் அதை எடுத்து நீட்டி, இந்தா உன் தகப்பன் என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். வீம்புதான், வேறொன்றுமில்லை.

ஏலம் தொடங்க அரை மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். செஃப் துவக்கைத் தூக்கினார். பிறகு பொருட்களுக்குப் பொறுப்பாக நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, அடித்தகட்டைத் திறந்து காட்டும்படி கேட்டார். நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் சொல்லை நம்பித் துள்ளி விழுந்து வாங்குவார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் தானே திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே வெறுமை. கட்டையில், தாள் இருந்த இடம் மட்டும் கறுக்காமல் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

செஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பொய் சொல்லிக் கடிதம் வாங்கிவிட்டான் என்ற வெறுப்பும் இல்லை. இத்தனை வருடம் தேடியது மறுபடியும் வேறு யாருடையதோ என்ற களைப்புத்தான் இருந்தது. நான் யோசிக்காமல் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கி வாசித்தார். ஆனால் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். போன கிழமை நீ இதைக் கழற்றினாயா, பொருளிலிருந்து எடுத்தாயா என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். தமிழன் களவெடுத்துவிட்டான் என்று ஒரு குரல். வாசல் காவலாளி என் முழங்கையைப் பிடித்து, பக்கத்து அறைக்குக் கொண்டுபோனான். பொலிஸுக்கு ரெலிபோன் பண்ணினார்கள். பச்சைத் துணிக்காரனும் அங்கே நின்றான், நான் போகும்போது தலையை ஆட்டினான், எனக்கு முதலே தெரியும் என்கிற மாதிரி.

பதிவுத் தபால் போய்ச் சேர்ந்திருக்கும், ஈடில்லாத ஆள் என்ற கடிதம். அதே மேசைக்கு இனி இன்னொரு தாள் போகும்: துவக்கு ஏலத்தில் களவெடுத்துப் பிடிபட்டவன். இரண்டையும் ஒரே கோப்பில்தான் வைப்பார்கள். நானே என் கையால் என் கழுத்துக்குக் கயிறு முடிந்துவிட்டேன் என்று விளங்கியது.

செஃப் உள்ளே வந்தார். ஏலம் தொடங்கிவிட்டது, போய் இருங்கள், இது உங்கள் விஷயமில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அவர் நின்ற நிலையிலேயே சொன்னார்.

"நான்தான் எடுக்கச் சொன்னனான். அது என்ரை அப்பான்ரை பேர்."

அப்படியென்றால் பொலிஸ் வந்து எழுதும்வரை நீங்களும் இங்கே இருக்க வேண்டும் என்றாள். நீங்கள் போனால் இவன் தனியே பதில் சொல்ல வேண்டியதுதான் என்றும் சொன்னாள். செஃப் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

மெல்லிய சுவர். ஏலக்காரனின் குரல் தெளிவாகக் கேட்டது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. நான் என் ஓட்டை ஜெர்மனில், போங்கள் செஃப், போய் வாங்குங்கள் என்றேன். அவர் காதில் விழுத்தவில்லை. அறுபத்து மூன்று போனது. அறுபத்து நாலு என்று சொன்னார்கள். இரண்டு பேர் போட்டி போட்டார்கள், விலை ஏறி ஏறிப் போய் நின்றது, சுத்தியல் விழுந்தது. செஃப் தன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அந்த முகத்தை, என்னால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

பொலிஸ்காரர் வந்தபோது அறுபத்து நாலு போய் வெகு நேரம். வயதான ஆள். தாளை வாசித்தார், செஃபின் அடையாள அட்டையை வாசித்தார், பெயரை ஒத்துப் பார்த்தார். தன் துவக்கிலும் இப்படி ஒரு தாள் இருக்கிறது என்றார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று புத்தகத்தை மூடினார். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. தாள் பொருளோடு சேர்ந்தது, பொருள் விற்றாகிவிட்டது, வாங்கியவர் காரில் ஏறிப் போய்விட்டார், அவருக்கு இதை அனுப்ப வேண்டும் என்றாள். அவருடைய பெயரைச் சொல்லவும் மாட்டாளாம்.

இப்போது செஃப் வெடிப்பார் என்று பார்த்தேன். அவர் தாளை இன்னொரு முறை வாசித்தார். பழைய மடிப்பிலேயே மடித்தார். அவளிடம் கொடுத்தார். திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொல்லி எழுதி அனுப்புங்கள் என்றார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அது உள்ளுக்கை இருக்கோணும். வெளியிலை எடுத்தால் வெறும் கடதாசி."

திரும்பி வரும்போது காரில் நான்தான் கேட்டேன், ஏன் அந்த அறையில் என்னோடு இருந்தீர்கள் என்று. அவர் றோட்டைப் பார்த்தபடி, இந்த ஊரில் இவனுக்கு ஈடில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன், பொலிஸ் உன்னைக் கொண்டுபோனால் நான் இன்னொருவனைத் தேட வேண்டும், கிடைக்க மாட்டான் என்றார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கதைக்காதே என்றார். திங்கட்கிழமை மணி அடிக்க நான் சில்லுக்கு முன்னால் இருந்தபோது, போன கிழமை நீ கீறிய கூடு என்று ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நான் கீறியதே இல்லை அது.

வருஷக் கடைசியில் அனுமதி வந்தது. அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். படம் உன்னைப்போல இல்லை என்று திருப்பித் தந்தார்.

அந்தக் குளிர்காலம் அவர் சந்தைக்குப் போகவில்லை. கேட்டதற்கு, முடிந்தது என்றார். எனக்குத்தான் முடியவில்லை. அவரை முழுசாக வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன், அதையும் கெடுத்துவிட்டாரே என்று ராத்திரி பகலாகக் குமைந்தேன். ஒரு சனிக்கிழமை விடிய எழும்பினேன். அண்ணை போர்வைக்குள்ளிருந்து, எங்கையடாப்பா என்று கேட்டார். சந்தைக்கு என்றேன். "ஆரின்ரை துவக்கைத் தேடி?" என்றார். நான் சப்பாத்தைப் போட்டேன். அறுபத்து நாலை வாங்கியவன் ஒரு நாள் விற்கத்தானே வேண்டும்.

பச்சைத் துணிக்காரன் என்னைக் கண்டதும் வழக்கம்போலத் துணியை இழுத்து மூடினான். ஸ்க்ரூ டிரைவரை நான் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். புது அட்டையை எடுத்து அவனுடைய மேசையில் வைத்தேன். துணியை எடு என்றேன். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மெதுவாக எடுத்தான். இரும்பு நன்றாகக் குளிர்ந்திருந்தது. நான் குனிந்து மூச்சு விட்டேன்.